ஆட்டைக் கொடுத்தால் மேய்ப்பது யார்?

ஓர் ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் கொடுத்தால் வருமானம் பெருகும். வருமானம் பெருகினால் பிள்ளை வயலை விட்டுப் பள்ளிக்குப் போகும். கிராமப்புறக் குழந்தை உழைப்பைக் குறைக்க வந்த பல திட்டங்கள் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கின்றன. காகிதத்தில் கணக்கு நேராக வருகிறது. ஆனால் ஆட்டுக்கு வாயும் காலும் இருக்கின்றன. காலையில் அவிழ்த்துவிட வேண்டும், அடுத்தவர் பயிரில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தழை ஒடித்துப் போட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், பொழுது சாய்வதற்குள் எண்ணிப் பட்டியில் அடைக்க வேண்டும். அப்பா கூலிக்குப் போய்விட்டார். அம்மா கைக்குழந்தையோடு களை எடுக்கப் போயிருக்கிறாள். வீட்டில் மிச்சம் இருப்பது பத்து வயதுப் பையன்.

இது வெறும் ஊகம் அல்ல. வேலை செய்யும் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு 518 டாலர் மதிப்பில் தொழிலுக்கான கருவிகளையும் பொருள்களையும் பிலிப்பைன்ஸ் அரசு வழங்கியது. எந்தப் பகுதிக்கு முதலில் கொடுப்பது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். பெற்ற வீடுகளில் சாப்பாட்டுக்கான தட்டுப்பாடு குறைந்திருந்தது. அதே வீடுகளில், முன்பு வேலைக்குப் போகாதிருந்த பதின்வயதுப் பிள்ளைகள் புதிதாக வேலையில் இறங்கியிருந்தார்கள். ஏற்கெனவே சொந்தத் தொழில் இருந்த குடும்பங்களில், அபாயகரமான வேலை உட்படக் குழந்தை உழைப்பே கூடியிருந்தது. குழந்தை உழைப்பை ஒழிக்கவென்றே தீட்டப்பட்ட திட்டம் அது.

பொருளைக் கொடுத்தவர்கள் அதை வருமானமாக மாற்றும் ஆளைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது. வாழ்வாதாரம் என்ற சொல்லை நாம் வரவு என்ற ஒரே பொருளில் பயன்படுத்திப் பழகிவிட்டோம். அதற்குள் வேலையும் இருக்கிறது. வரவைக் கூட்டும்போது வேலையும் கூடினால், கூடிய வேலை வீட்டிலேயே மலிவான கைக்குப் போய்ச் சேரும். அந்தக் கை பெரும்பாலும் சிறியது.

சிக்கலின் அளவைப் பார்த்துவிடலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யூனிசெஃபும் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024இல் உலகில் 13.8 கோடிக் குழந்தைகள் தொழிலாளர்களாக இருந்தார்கள். அவர்களில் 5.4 கோடிப் பேர் உடலுக்கோ உயிருக்கோ கேடு தரும் வேலைகளில் இருந்தவர்கள். 2000இல் மொத்தம் 24.6 கோடியாக இருந்ததோடு ஒப்பிட்டால் இது பெரிய இறக்கம். ஆனால் 2025க்குள் எல்லா வகைக் குழந்தை உழைப்புக்கும் முடிவு கட்டுவோம் என்று உலக நாடுகள் ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் எழுதிவைத்திருந்தன. அந்த ஆண்டு வந்தது, போய்விட்டது. குழந்தைத் தொழிலாளர்களில் 61 விழுக்காட்டினர் இருப்பது வேளாண்மையில். பயிர், கால்நடை, மீன்பிடி, காடு எல்லாம் இதற்குள் அடங்கும். குழந்தைத் தொழிலாளர் என்றதும் தீப்பெட்டி ஆலையும் கம்பளத் தறியும் உணவகத்து மேசையும்தான் நம் கண்முன் வருகின்றன. எண்ணிக்கை இருப்பதோ வெட்டவெளியில். அதிலும் பெரும்பாலோர் யாரிடமும் கூலி வாங்குபவர்கள் அல்லர், சொந்தக் குடும்பத்து நிலத்தில் கூலியில்லாமல் உழைப்பவர்கள்.

இதனால்தான் சட்டம் இங்கே திணறுகிறது. ஆலைக்கு வாசல் உண்டு, வருகைப் பதிவேடு உண்டு, ஆய்வாளர் வந்து நிற்க ஓர் இடம் உண்டு. வயலுக்கு இவை எதுவும் இல்லை. சட்டமேகூட வயலின் வரப்பில் நின்றுவிடுகிறது. வேலைக்கான குறைந்தபட்ச வயதை வரையறுக்கும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு 138ஆம் உடன்படிக்கை, வளரும் நாடுகள் விரும்பினால் உள்ளூர் நுகர்வுக்காக விளைவிக்கும், நிரந்தரக் கூலியாள் வைக்காத சிறு குடும்பப் பண்ணைகளை விலக்கிவைக்க இடம் தருகிறது. பணக்கார நாடுகள் மட்டும் கறாராக இருக்கின்றன என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1938இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத்தின்கீழ், மற்றத் தொழில்களில் அபாயகரமான வேலைக்கு 18 வயது ஆக வேண்டும், பண்ணையில் 16 போதும். பெற்றோரின் சொந்தப் பண்ணை என்றால் அந்த வயது வரம்பும் இல்லை. இந்தியாவின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கான 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில், அபாயமில்லாத வேலையில், உதவலாம் என்கிறது. மிக மோசமான குழந்தை உழைப்பு வடிவங்களைத் தடைசெய்யும் 182ஆம் உடன்படிக்கையை அமைப்பின் அத்தனை உறுப்பு நாடுகளும் ஏற்று 2020இல் கையொப்ப வேலை முடிந்தது. கையொப்பம் இட்ட கைகள் மாலை ஐந்து மணிக்கு எந்த வயலிலும் போய்ப் பார்க்கப்போவதில்லை.

பிள்ளைகள் நிலத்தில் கால் வைப்பதே குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. பள்ளி விட்டு வந்தபின் கோழிக்குத் தீனி போடுவதும், விதை பொறுக்குவதும், நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் ஒரு தொழில் தலைமுறை கடந்து வரும் வழி. 138ஆம் உடன்படிக்கையே 13 வயதிலிருந்து, வளரும் நாடுகளில் 12 வயதிலிருந்து, இலகுவான வேலையை அனுமதிக்கிறது. கோடு விழவேண்டிய இடம் வேறு.

மருந்தடிப்பதை எடுத்துக்கொள்வோம். எடையோடு ஒப்பிட்டால் குழந்தை பெரியவரைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. எடைக்கு ஏற்ற தோல் பரப்பும் அதிகம். நரம்பு மண்டலம் இன்னும் வளர்ந்து முடியவில்லை. ஒரே தெளிப்பானின் ஒரே புகைமூட்டம் அப்பாவுக்கு ஓர் அளவு, மகனுக்கு வேறோர் அளவு. கையுறையும் முகமூடியும் பெரியவர் அளவில்தான் செய்யப்படுகின்றன. 'எங்கள் பிள்ளை மருந்தடிப்பதில்லை' என்று பெற்றோர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அடித்த மறுநாள் அதே வயலில் களை எடுப்பவள் மகள். மருந்து கரைக்கத் தண்ணீர் சுமந்து வருபவன் மகன். காலி டப்பாவைக் கழுவித் தானியம் போட்டு வைப்பது வீடு. இவை எதுவும் 'மருந்தடித்தல்' என்ற பட்டியலில் வருவதில்லை. புகையிலையில் இன்னும் நுட்பமான கேடு உண்டு. பனியிலோ மழையிலோ நனைந்த இலையைப் பறிக்கும்போது நிகோடின் தோல் வழியே உடலில் ஏறுகிறது. குமட்டல், வாந்தி, தலைசுற்றல், தலைவலி. நிகோடின் பழக்கமில்லாத சிறு உடலை அது இன்னும் கடுமையாகத் தாக்குகிறது. இவற்றோடு வெயில், பாம்பு, அரிவாள், தலைச்சுமை.

இனி குடும்பங்கள் ஏன் இதைச் செய்கின்றன என்ற கேள்வி. 'வறுமை' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு எழுந்துபோவது எளிது. அந்தப் பதில் பாதிதான் சரி.

பொருளியலாளர்கள் சோனியா பாலோத்ராவும் கிறிஸ்டஃபர் ஹெடியும் கானாவிலும் பாகிஸ்தானிலும் கிராமப்புறத் தரவுகளை ஆராய்ந்து 2003இல் ஒரு முரணைச் சுட்டினார்கள்: நிலம் அதிகமுள்ள வீட்டுப் பிள்ளைகள், நிலம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளைவிட அதிகம் வேலை செய்யும் போக்கு காணப்பட்டது. நிலமற்றவனின் பிள்ளைக்கு வேலை கொடுக்க வீட்டில் வேலையே இல்லை. ஏக்கர் கூடியவனுக்கோ களையெடுப்புக் காலத்தில் ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நம்பி விட முடிவதில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விடவோ விற்கவோ சந்தையும் சரியாக இல்லை. ஆகவே வீட்டுக்குள்ளேயே ஆள் தேடுகிறான். ஏழ்மை ஒரு காரணம். ஆளும் நிலமும் தேவைப்படும்போது கைமாறாமல் முடங்கிக்கிடப்பது இன்னொரு காரணம். முதலாவதற்கு மட்டும் மருந்து கொடுத்தால் இரண்டாவது வளர்ந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது காரணம் காலம் சம்பந்தப்பட்டது. ஒரு குடும்பம் ஆண்டு முழுக்க ஏழையாக இருப்பது வேறு, ஒரு பருவத்தில் திடீரெனக் கவிழ்வது வேறு. டான்சானியாவின் ககேரா பகுதியில் 1990களின் தொடக்கத்தில் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த ஒரு கணக்கெடுப்பு இருக்கிறது. பூச்சியாலோ வேறு இடராலோ விளைச்சல் அழிந்தபோது அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் வேலை செய்யும் நேரம் கூடியது. கையில் சொத்து இருந்த வீடுகளில் அந்த ஏற்றம் குறைவாக இருந்தது. விற்கவோ அடகு வைக்கவோ ஏதாவது உள்ளவன் அதை வைத்துச் சமாளிக்கிறான். இல்லாதவனுக்குப் பிள்ளையின் உழைப்புதான் கைமாற்று. அடுத்த போகம் நன்றாக விளைந்தாலும், நடுவில் பள்ளியை விட்ட பிள்ளை திரும்பிப் போவது அத்தனை எளிதல்ல.

இதைப் புரிந்துகொண்டால், 'வாழ்வாதாரத்தை மேம்படுத்துவது' என்ற ஒரே பெயரில் வலம்வரும் திட்டங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறானவை என்பது தெரியும். வேலையைக் கூடவே இழுத்துவராத பணம் ஒரு வகை. தென்னாப்பிரிக்காவில் வீட்டுப் பெரியவர் முதியோர் ஓய்வூதியம் பெறும் வயதை அடைந்ததும், அந்த வீட்டுப் பிள்ளைகளின் வேலை நேரம் குறைந்து பள்ளி செல்வது கூடியதாகப் பொருளியலாளர் எரிக் எட்மண்ட்ஸின் ஆய்வு காட்டியது. தாத்தாவின் ஓய்வூதியத்தை மேய்க்கவும் வேண்டாம், அதற்குக் களை எடுக்கவும் வேண்டாம். பாகிஸ்தானில் சிறுகடனோடு இணைந்த மருத்துவக் காப்பீட்டை வீட்டிலுள்ள எல்லோருக்கும் விரிவுபடுத்திய இடங்களில் குழந்தை உழைப்பு குறைந்தது. மருத்துவக் காப்பீட்டை யாரும் வேளாண் திட்டம் என்று நினைப்பதில்லை. ஆனால் அப்பா படுத்துவிட்டால் மருத்துவச் செலவோடு இன்னொன்றும் வந்து சேர்கிறது: அவர் இடத்தில் வயலில் இறங்குவது யார் என்ற கேள்வி.

ரொக்கம் கொடுத்தாலே போதும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடவும் முடியாது. மலாவியிலும் சாம்பியாவிலும் நிபந்தனையற்ற உதவித்தொகை பெற்ற குடும்பங்கள் அதில் ஒரு பகுதியை நிலத்திலும் கால்நடையிலும் போட்டன. அறிவுள்ள எவரும் அதைத்தான் செய்வார்கள். பிள்ளைகளின் படிப்பும் வாழ்க்கை நிலையும் மேம்பட்டன. கூடவே குடும்பப் பண்ணையில் அவர்கள் செய்யும் வேலையும் கூடியது. மலாவியில் அபாயங்களை எதிர்கொள்வதும் கூடியது. இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கும் போய், சாப்பிட்டும், கொஞ்சம் கூடுதலாக வேலையும் செய்யும் பிள்ளை, பட்டினியோடு வேலை செய்த பிள்ளையைவிட நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஆனால் உதவித்தொகையோடு 'இந்த வேலைகளில் பிள்ளை கூடாது' என்ற தெளிவும், அந்த வேலைக்கு மாற்று ஏற்பாடும் சேர்ந்து வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

விளைபொருள் விலையும் இப்படித்தான் இரு பக்கமும் வெட்டுகிறது. 1990களில் வியட்நாமில் நெல் விலை ஏறியபோது கிராமக் குழந்தைகளின் உழைப்பு குறைந்தது. நிலம் பரவலாகப் பல குடும்பங்களின் கையில் இருந்தது. விலை ஏற்றத்தின் பலன் விளைவித்த வீட்டுக்கே வந்தது. பிள்ளையை வேலையிலிருந்து விடுவிக்க அது போதுமாக இருந்தது. பிரேசிலின் காபிப் பகுதிகளில் இதற்கு நேர்மாறு. காபி விலை உச்சத்துக்குப் போன காலங்களில் பிள்ளைகள் பள்ளியை விட்டுத் தோட்டத்தில் இறங்கினார்கள். உயர்வு தற்காலிகமானது என்று எல்லோருக்கும் தெரியும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் ஒவ்வொரு கைக்கும் மதிப்பு ஏறிவிடுகிறது. ஆகவே விலை எவ்வளவு ஏறியது என்பது மட்டும் போதாது. அது நிலைக்குமா, யாருடைய கைக்கு வருகிறது, வந்த பணத்தில் பெரியவரைக் கூலிக்கு அமர்த்த முடியுமா என்றும் பார்க்க வேண்டும்.

கோகோவில் இந்த மூன்றும் ஒருசேரத் தெரிகின்றன. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் தரும் கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் கோகோத் தோட்டங்களில் அபாயகரமான குழந்தை உழைப்பை ஒழிப்பதாகச் சாக்லேட் நிறுவனங்கள் 2001இல் ஹார்கின்–ஏங்கல் ஒப்பந்தத்தில் உறுதியளித்தன. முதல் கெடு 2005. அது தள்ளிப்போய், பின்பு 2020க்குள் 70 விழுக்காடு குறைப்போம் என்றானது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்க் ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, இரு நாடுகளிலும் கோகோ உற்பத்தியில் 15.6 லட்சம் குழந்தைத் தொழிலாளர்கள் இருப்பதாகவும், அவர்களில் 14.8 லட்சம் பேர் அபாயகரமான வேலைகளில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. வெட்டுக்கத்தியால் காயைப் பிளப்பது, மூட்டை சுமப்பது, காட்டை அழித்து நிலம் திருத்துவது, மருந்தோடு புழங்குவது. இரு அரசுகளும் 2020–21 பருவத்திலிருந்து டன்னுக்கு 400 டாலர் வாழ்வாதாரத் தொகையைக் கூடுதலாகக் கேட்டன. கொள்முதல் செய்பவர்கள் அதைக் கொடுத்துக்கொண்டே, அந்த நாட்டுக் கோகோவுக்கு வழக்கமாகத் தரும் வேறு உபரித் தொகையை இறக்கினார்கள். ஒரு பையில் போட்டதை இன்னொரு பையிலிருந்து எடுத்தார்கள். 2024இல் உலகச் சந்தையில் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. ஆனால் இரு நாடுகளிலும் விளைச்சலின் பெரும்பகுதி முன்கூட்டியே பழைய விலைக்கு விற்கப்பட்டிருந்தது. விவசாயிக்கான விலையை அரசே நிர்ணயிப்பதால் ஏற்றம் தாமதமாகவும் குறைவாகவும் வந்து சேர்ந்தது. விவசாயி வயது வந்த ஆளைக் கூலிக்கு வைக்க முடியாத வரை, கத்தியைப் பிடிப்பது வீட்டுப் பிள்ளைதான்.

கூலி பற்றி ஒரு சொல் சேர்க்க வேண்டும். சொந்த நிலம் இல்லாத குடும்பங்களில் வாழ்வாதாரம் என்பதே கூலிதான். எடைக்கு இவ்வளவு, வரிசைக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும் இடங்களில் ஒரு பெரியவர் நாள் முழுக்கப் பறித்தும் குறைந்தபட்சக் கூலியை எட்ட முடியாதபடி வீதம் வைக்கப்பட்டிருந்தால், அந்த வீதமே குழந்தையை வேலைக்கு அழைக்கிறது. கணக்கில் ஓர் ஆள், வரிசையில் மூன்று பேர். இந்தியாவின் கலப்பினப் பருத்தி விதை உற்பத்தியில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தடவ வேண்டும். அந்த வேலையில் சிறுமிகள் பெருமளவில் அமர்த்தப்பட்டதற்கு 'மெல்லிய விரல்' என்று காரணம் சொன்னார்கள். விதை நிறுவனங்கள் கொடுத்த கொள்முதல் விலையில் பெரியவருக்குச் சட்டப்படியான கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பதும், பருவத்துக்கு முன்பே பெற்றோருக்குக் கொடுத்த முன்பணமும்தான் அசல் காரணங்கள். விரல் கதை வசதியான கதை.

பெரியவர்களுக்கு வேலை கொடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அம்மாவுக்கு வெளியே வேலை கிடைத்தால் தம்பியைப் பார்ப்பதும் சமைப்பதும் தண்ணீர் எடுப்பதும் மூத்த மகளிடம் போகின்றன. இந்தியாவின் ஊரக வேலை உறுதித் திட்டத்தைப் பற்றிய ஓர் ஆய்வு, பதின்வயதினரின் பள்ளிப்படிப்பில் இந்தச் சரிவைக் கண்டது. திட்டம் வேண்டாம் என்பதல்ல. வேலைத்தளத்தில் குழந்தைக் காப்பகம் இருக்கிறதா, வீட்டுக்கு அருகில் தண்ணீர் வருகிறதா என்பவை வாழ்வாதாரத் திட்டத்துக்கு உள்ளேயே வரவேண்டிய செலவுகள். அவற்றை வேறு துறையின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கினால் அந்தச் செலவை மகள் கட்டுகிறாள்.

எனவே ஒரு குடும்பத்துக்கு எதையாவது கொடுக்கப்போகும் முன் உட்கார்ந்து ஒரு நாள்காட்டி போடுவது நல்லது. எந்த மாதம் எந்த வேலை, அதைச் செய்ய எத்தனை ஆள், இப்போது யார் செய்கிறார்கள், புதிதாக வருவதை யார் செய்யப்போகிறார்கள். கேள்வியை அப்பாவிடம் மட்டும் கேட்டால் போதாது. பிள்ளையிடமும் தனியாகக் கேட்க வேண்டும். 'சும்மா உதவி செய்கிறான்' என்று அப்பா சொல்லும் வேலை எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்பது அவனுக்குத்தான் தெரியும். இப்படிப் பார்த்தால் சில விடைகள் ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்னவையாக இருக்கும். நான்கு குடும்பத்துப் பெரியவர்கள் முறைவைத்து ஒருவர் நிலத்தில் மற்றவர் வேலை செய்து கொடுப்பது கானாவில் ‘நொபோவா’ என்ற பெயரில் பழைய வழக்கம். களையெடுப்பு நெருக்கடியில் கூலிப்பணம் இல்லாமலேயே பெரிய கைகள் கிடைக்கின்றன. பறவை விரட்ட நாள் முழுக்கப் பிள்ளையை நிறுத்துவதற்குப் பதில் வலை. மேய்ச்சலுக்குப் பதில் வேலியும், வேலியோரம் தீவனமும்.

சுமையும் அப்படித்தான். 20 லிட்டர் தண்ணீர் என்றால் 20 கிலோ. பத்து வயதுக் குழந்தையின் எடையே 30 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். தலையில் ஏற்றி, மேடு பள்ளம் தாண்டி, ஒரு நாளைக்கு நான்கு நடை. அந்த வீட்டுக்கு ஆட்டுக்கு முன்பாக ஒரு கைவண்டி வந்திருக்க வேண்டும். வண்டியைத் தள்ளுவதும் வேலைதான். ஆனால் அதை அம்மா ஒரே நடையில் முடித்துவிடலாம். அவளுக்கு முடியாத நாளில், பள்ளி விட்டு வந்தபின், பதினைந்து வயது அண்ணன் அரைமணி நேரம் தள்ளலாம்.